நரம்பு மண்டலமும் எதிர்ப்புச் சக்தியும்: இந்த ஆராய்ச்சிக்குள் எப்படி வருவது

நியூரோஇம்யூனாலஜி பக்கம் வர ஆசைப்படும் எம்.பி.பி.எஸ். மாணவர்களும் பயோடெக் படித்தவர்களும் முதலில் கேட்பது எந்தத் தேர்வை எழுத வேண்டும் என்பதைத்தான். அதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் இங்கே என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தடுப்பூசி ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரானது, நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் தயாரித்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு ரேபிஸ் வராமலேயே கை கால் விழுந்துபோனது. ஊசியோடு உள்ளே போன மயலின் புரதத்தை எதிரியாகப் பார்த்த எதிர்ப்பு மண்டலம், அவர்களுடைய சொந்த நரம்புகளின் உறையையும் சேர்த்துத் தாக்கியிருந்தது. 1930களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ், குரங்குகளுக்கு மூளைத் திசுவைத் திரும்பத் திரும்பச் செலுத்தி இதே போன்ற நோயை வரவழைத்துக் காட்டினார். மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை எதிர்ப்பு மண்டலமே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயின் ஆய்வில் இன்றைக்கும் எலிகளுக்கு வரவழைக்கிற ஈ.ஏ.ஈ. நோய் அதன் வழிவந்ததுதான். அதாவது, வார்டில் யாரோ ஒருவர் கண்ட கோளாறைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஏன் என்று கேட்பதுதான் நம் வேலை.

சரி, படிப்புக்கு வருவோம். மருத்துவர் வழி என்றால் எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. மூன்று ஆண்டு, அப்புறம் நீட் எஸ்.எஸ். அல்லது ஐ.என்.ஐ. எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பில் நரம்பியல் இன்னொரு மூன்று ஆண்டு. இடையில் ஒரு நாளும் வீணாகாவிட்டால்கூட பதினொன்றரை ஆண்டு ஆகும், வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். டி.எம். இடம் தேடும்போது நகரத்தையோ சம்பளத்தையோ பார்ப்பதைவிட, அங்கே நோயாளிகளின் மாதிரிகளைச் சேமித்து ஆய்வு செய்யும் கூடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் என்று எல்லோரும் சொல்லும் பெயர்கள் உண்டு. ஆனால் பெரிய நிறுவனத்தில்தான் நடக்கும் என்றில்லை. மங்களூரில் நரம்பியல் மருத்துவர் லேகா பண்டிட் மயலின் சிதைவு நோயாளிகளுக்கென்று ஒரு பதிவேட்டைத் தொடங்கி, ஆன்டிபாடி (எதிர்ப்பு மண்டலம் தாக்குவதற்கு உருவாக்கும் புரதம்) சோதனையையும் தன் கூடத்திலேயே நிறுவினார்.

மருத்துவர் அல்லாதவர்கள் எம்.எஸ்ஸி. முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கி பிஎச்.டி. வழியாக வரலாம். இரண்டாம் தர நுழைவாயில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1973-இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஜிம் பாட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ரமும் மின்விலாங்கிலிருந்து எடுத்த அசிட்டைல்கோலின் ஏற்பியை (நரம்பு அனுப்பும் செய்தியைத் தசையில் வாங்கிக்கொள்ளும் புரதம்) முயல்களுக்குச் செலுத்தினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆன்டிபாடி மட்டுமே. முயல்கள் தலையைத் தூக்க முடியாமல் தளர்ந்துபோயின. தசைகள் தளர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய்க்குக் கொடுக்கும் வகை மருந்தைக் கொடுத்ததும் எழுந்தன. அந்த நோயின் காரணம் அப்படித்தான் பிடிபட்டது, இருவருமே மருத்துவர்கள் அல்ல.

இப்போது யாரும் சரியாகச் சொல்லித்தராத விஷயம்: மாதிரி எடுப்பது. ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்று, ஐ.வி.ஐ.ஜி. எதுவும் தொடங்குவதற்கு முன்னால் ரத்தம் எடுத்துவிடுங்கள். பிளாஸ்மா மாற்று ஆன்டிபாடியை வெளியேற்றிவிடும், ஐ.வி.ஐ.ஜி.யோ ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் ஆன்டிபாடியைக் கொண்டுவந்து உள்ளே கொட்டும், அதன்பிறகு வரும் முடிவு யாருடையது என்றே தெரியாது. (சிகிச்சையைத் தாமதப்படுத்தச் சொல்லவில்லை, ஊசி ஏறுவதற்கு முன் ஒரு குழாய் ரத்தம், அவ்வளவுதான்.) முதுகுத் தண்டுநீர் எடுத்தால் அதே நேரத்தில் ரத்தமும் எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டினால்தான் ஒலிகோகுளோனல் பட்டைகளுக்கு (சோதனையில் கோடுகளாகத் தெரியும் ஆன்டிபாடிகள்) பொருள் உண்டு. சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள், ஒரே குழாயைப் பத்து முறை உருக்கி உறைய வைத்தால் மாதிரி கெட்டுவிடும். கடைசி தாக்குதல் எப்போது வந்தது, அப்போது என்ன மருந்து ஓடிக்கொண்டிருந்தது என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். தேதி இல்லாத மாதிரி ஆய்வுக்குப் பாதி செத்த மாதிரி. இதையெல்லாம் தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவமும் கையில் இருக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், வான்டா லெனனைப் பாருங்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அவருடைய குழு, எலித் திசுவின் மேல் நோயாளிகளின் சீரத்தை வைத்துப் பார்த்தபோது மூளையின் நுண் ரத்தக்குழாய்களை ஒட்டி ஒரு தனி ஒளிர்வு தெரிந்தது. வழக்கமான வகைகளில் எதற்கும் அது பொருந்தவில்லை. அதை ஒதுக்கிவிடாமல் பின்தொடர்ந்ததில், 2004-இல் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. நோய்க்கான ஆன்டிபாடியும் 2005-இல் அதன் குறியான அக்வாபோரின்-4 புரதமும் வெளிவந்தன. அதுவரை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகை என்று பலர் நினைத்திருந்த நோய் தனி நோயானது. பார்வை போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது உயிர் போகிற வித்தியாசம், ஏனென்றால் எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா என்.எம்.ஓ.வை மோசமாக்கக்கூடும். 2007-இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவின் குழு, மூளைச் செல்களில் உள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தாக்கும் மூளையழற்சியை விவரித்த பிறகும் இதே கதைதான். மனநோய் என்று சேர்க்கப்பட்ட இளம்பெண்களில் சிலருக்குச் சினைப்பைக் கட்டியை அகற்றி எதிர்ப்பு மண்டலத்தை அடக்கியதும் குணம் தெரிந்தது. 2013-இல் வெளியான 577 பேர் ஆய்வில், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

ஆன்டிபாடி சோதனையில் ஒரு எச்சரிக்கை. எம்.ஓ.ஜி. (மயலின் உறையில் உள்ள ஒரு புரதம்) மீதான ஆன்டிபாடி மிகக் குறைந்த அளவில் பாசிட்டிவ் வந்தால் உடனே நோய் என்று எழுதிவிடாதீர்கள், நோயாளியின் அறிகுறியும் எம்.ஆர்.ஐ.யும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒளிர்வைக் கண்ணால் மதிப்பிடுகிறவருக்கு அது யாருடைய சீரம் என்று தெரியக்கூடாது. இது கட்டாயம்.

நிதி கிடைப்பது கடினம்தான். எதிர்ப்பு மண்டலத்தின் பி செல்லைக் குறிவைத்தால் எம்.எஸ். அடங்கும் என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஸ்டீஃபன் ஹாவ்சர் சொன்ன காலத்தில், டி செல்தான் எல்லாம் என்று துறையே நம்பியிருந்தது. அமெரிக்க அரசு நிதி கிடைக்கவில்லை, மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து செய்தார். 2008-இல் 104 நோயாளிகளோடு, பி செல்லை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தின் ஆய்வு வெளிவந்தது, 2017-இல் அதே வகை மருந்தான ஓக்ரெலிசுமாப் அமெரிக்க அனுமதி பெற்றது. அதனால் விண்ணப்பம் திரும்பி வந்தால் அந்தக் கேள்வியைக் குப்பையில் போடாதீர்கள், மதிப்பீட்டாளர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் தரவோடு பதில் தயாரித்து மறுபடி அனுப்புங்கள்.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே தொடங்க நினைத்தால் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) எஸ்.டி.எஸ். என்ற குறுகியகால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், இரண்டு மாதத்தில் முடிகிற சிறிய ஆய்வு. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள்: கட்டுரையில் பெயர் சேர்த்தாரா, தவறான முடிவு வந்தபோது எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள். தலைப்பு கிடைக்கவில்லையா? உங்கள் மருத்துவமனையில் ஜி.பி.எஸ். (கை கால் வேகமாகத் தளர்ந்துபோகும் கீயான்-பாரே நரம்பு நோய்) என்று சேர்ந்த நோயாளிகளின் கோப்புகளை அனுமதி வாங்கி எடுத்து, அறிகுறி தொடங்கிய நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடையில் எத்தனை நாள் போனது, எங்கே போனது என்று எண்ணுங்கள்.