மேல் பன் சரிந்தது: மென்னோனைட் நையாண்டிச் செய்தி எழுதும் முறை

மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெயரைக் கேட்டதும் குதிரை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துபவர் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வார். குதிரை வண்டி கனடாவில் ஒண்டாரியோவின் வாட்டர்லூ பக்கமும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் இருக்கிற, பழைய வாழ்க்கைமுறையை விடாத பழைய ஒழுங்குச் சபையாருடையது. கனடாவிலேயே இருக்கிற மானிடோபாவின் ஸ்டைன்பாக் நகரமோ கார் வியாபாரத்துக்குப் பேர்போனது. அந்த ஊரை 1874-இல் அமைத்தவர்கள் இன்றைய உக்ரைன் பகுதியிலிருந்து வந்தவர்கள். வீட்டுப் பேச்சு ப்ளாட்டீட்ச் என்னும் தாழ் ஜெர்மன். எந்தக் கூட்டத்தை எழுதப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சாப்பாடு, குடும்பப் பெயர், வழக்கம் எல்லாம் அதைப் பொறுத்து மாறும்.

அடுத்தது விஷயம். அது எவ்வளவு அற்பமோ அவ்வளவு நல்லது. ஸ்வீபாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாவு உருண்டையின் தலையில் சிறிய உருண்டை ஒன்றை வைத்துச் சுடுகிற பன் அது. மேல் உருண்டையை நடுவில் விரலால் நன்றாக அழுத்தாவிட்டால் அடுப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஞாயிறு பிற்பகல் சிற்றுண்டியான ஃபாஸ்பாவில் அதை எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். செய்தி அந்த மௌனத்தில் இருக்கிறது:

"ஃபாஸ்பா மேசையில் 6 ஸ்வீபாக்குகள் சரிந்த நிலையில் மீட்பு, மூப்பர்கள் அவசரக் கூட்டம்"

இதில் மிகை ஒன்றே ஒன்றுதான்: சபைத் தலைவர்களான மூப்பர்களின் கூட்டம். பன், மேசை, கிழமை எல்லாம் நிஜம். இதோடு பேசும் பசுமாட்டையும் சேர்த்தால் எதற்குச் சிரிப்பது என்று வாசகருக்குத் தெரியாமல் போகும். சபை கூடுவது நம்பும்படி இருப்பதற்கும் காரணம் உண்டு. இவர்கள் வரலாற்றில் பிளவுகள் ஏராளம்; மென்னோனைட் சகோதர சபை பிரிந்தது 1860-இல்.

உடல் பகுதி 200 முதல் 250 சொற்களில் முடியட்டும். முதல் பத்தி தலைப்பையே இடம், கிழமையோடு திருப்பிச் சொல்லும். நடை நாளிதழ் நடை: "விசாரணை நடந்து வருகிறது", "பெயர் வெளியிட விரும்பாத உறவினர்". ஆச்சரியக்குறி ஒன்றுகூட வேண்டாம். எழுதுபவர் சிரித்தால் செய்தி செத்துவிடும். பிறகு இரண்டு மேற்கோள்கள். பெருமை பேசுவது அங்கே இழுக்கு, அதனால் அடக்கத்துக்குள் ஒளிந்த பெருமையே நல்ல வசனம்: "'ஏதோ சுமாராக வந்திருக்கிறது' என்றபடி அவர் 4-ஆவது முறையாகத் தட்டை நீட்டினார்." ப்ளாட்டீட்ச் சொல் ஒன்று போதும். "ஆமாம், பின்னே" என்ற பொருளில் வரும் "ஓபா யோ" நல்ல தேர்வு. கடைசிப் பத்தியில் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசமாக வேண்டும்.

பெயர்களில் தடுக்கி விழுபவர்கள் அதிகம். ரெய்மர், ஃப்ரீசன், பென்னர், டைக் எனக் குறைவான குடும்பப் பெயர்களே புழங்குவதால், நீங்கள் கற்பனையாகச் சூட்டும் எந்தப் பெயருக்கும் அந்த ஊரில் நிஜமான ஆள் ஒருவர் இருப்பார். பெயரை விட்டுவிட்டு "சபையின் காபி பொறுப்பாளர்" என்று எழுதுங்கள். பருவமும் பிசகக் கூடாது: பொரித்த மாவுப் பண்டமான ரோல்கூக்கனும் தர்ப்பூசணியும் கோடைச் சாப்பாடு, ஜனவரிச் செய்தியில் வந்தால் குட்டு வெளிப்படும். ஷூஃப்ளை பை என்னும் இனிப்புப் பலகாரம் பென்சில்வேனியாவினுடையது, அதை ஸ்டைன்பாக் பாட்டியின் தலையில் கட்டாதீர்கள்.

நடனத் தடையை வைத்து எழுதும் நகைச்சுவை தேய்ந்த காசு. சீட்டுக்கட்டைப் பாவமென்று ஒதுக்கிய வீடுகளில்கூட வட்டக் காய்களை விரலால் சுண்டி ஆடும் குரோக்கினோல் பலகைக்கு இடம் உண்டு. நடுக்குழியில் விழுந்தால் 20 புள்ளி. அந்தக் காய் குழிக்குள் முழுதாக இறங்கியதா என்று மைத்துனர்கள் சண்டை போடுவதில் இன்னும் சரக்கு இருக்கிறது. கிண்டல் பழக்கங்களோடு நிற்கட்டும். 16-ஆம் நூற்றாண்டுத் தியாகிகளும் சோவியத் காலத்தில் காணாமல் போனவர்களும் இன்றும் குடும்ப நினைவில் இருப்பவர்கள், அவர்களைத் தொடாதீர்கள்.

தலைப்பை மட்டும் படித்துப் பகிர்பவர்கள் இருப்பதால் "நையாண்டி" என்ற சொல்லைத் தலைப்புக்கு அடியிலேயே போடுங்கள். வெளியிடும் முன் அந்தச் சூழலில் வளர்ந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் சிரிக்காமல், "எங்கள் வீட்டில் மேல் உருண்டை இவ்வளவு பெரிதாக இருக்காது" என்று திருத்தத் தொடங்கினால் செய்தி தேறிவிட்டது.