முடி நட்டுவிட்டு வன்னிக்குத் திரும்புகிறவர்களுக்கு

கொழும்பிலோ சென்னையிலோ ஹெயார் ட்ரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டு வரும்போது கையில் ஒரு அறிவுரைத் தாள் தருவார்கள். நல்ல தாள்தான், ஆனால் கிணற்றில் வாளியால் அள்ளித் தோய்ந்து, மோட்டார் சைக்கிளில் புழுதிக்குள் ஓடி, வெயிலில் வயலைப் பார்க்கிற எங்கள் பெடியளுக்கு அது போதாது. பின்மண்டையிலிருந்து எடுத்து நட்ட கிராஃப்ட் ஒவ்வொன்றும் 1 முதல் 4 முடி வரை உள்ள மிகச் சின்னத் தோல் துண்டு. முதல் 3 நாள் அது சும்மா செருகித்தான் நிற்கும், தட்டினாலே கழன்று வரலாம். ஏறக்குறைய 10 நாளில்தான் உறுதியாகப் பிடிக்கும். அந்த 10 நாளும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில், செய்த அன்றிரவே பஸ் ஏறாதீர்கள். கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், தூக்கத்தில் தலை சீற்றிலும் யன்னலிலும் உரசிக்கொண்டே வரும். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீடோ லொட்ஜோ பார்த்து 2, 3 நாள் நில்லுங்கள், முதல் தலைகழுவலையும் கிளினிக்கிலேயே செய்வித்துக்கொண்டு வாருங்கள். எப்படிக் கழுவுவது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு பயமில்லை. வரும்போது கழுத்துத் தலையணை கட்டாயம்.

வீட்டில் ஒரு கிழமைக்கு 2, 3 தலையணை அடுக்கி, 45 பாகை அளவில் சாய்ந்து, மல்லாந்து படுங்கள். சாய்மனைக் கதிரை இருந்தால் இன்னும் நல்லது. நுளம்பு வலையை உயர்த்திக் கட்டுங்கள், அது தலையில் உரசுவதை யாரும் நினைப்பதில்லை. அதேபோல் கொட்டில் வாசலும் ஓட்டோவின் மேற்சட்டமும், குனிந்து போக மறந்தால் ஒரே இடியில் சில கிராஃப்ட் போய்விடும். ரீசேட் வேண்டாம், பொத்தான் வைத்த சேட் போடுங்கள். 3ஆம், 4ஆம் நாளில் நெற்றி வீங்கி கண் வரைக்கும் இறங்கலாம், பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சில நாளில் தானாக வடியும். ஐஸ் வைப்பதானால் நெற்றியில் மட்டும், நட்ட இடத்தில் வைக்கவே கூடாது.

அப்புறம் தண்ணீர். வன்னியில் பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் தண்ணீர் கடினம், ஷாம்பு நுரைக்காது, காய்ந்தால் வெள்ளையாகப் படியும். புதுக்காயத்தில் அது வேண்டாம். முதல் 10 நாளுக்கு வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர், கிடைக்காவிட்டால் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். கிளினிக்கில் கொடுத்த சேலைன் (உப்புநீர்) ஸ்பிரேயை சொன்ன நேரத்துக்கு அடியுங்கள், பொருக்கு இறுகாமல் இருக்கும். கழுவும்போது மென்மையான ஷாம்பு கொஞ்சத்தை கையில் நுரைக்க வைத்து, நட்ட இடத்தில் ஒற்றி வைத்து, சில நிமிடம் விட்டு, கோப்பையால் மெதுவாக வார்க்க வேண்டும். தேய்க்க வேண்டாம், ஷவரை நேரே பிடிக்கவும் வேண்டாம், துவாயால் அழுத்தித் துடைக்கவும் வேண்டாம். 10ஆம் நாளுக்குப் பிறகு, டொக்டர் சரி என்றால், விரல் நுனியால் வட்டமாகத் தடவலாம், பொருக்கு 2 கிழமைக்குள் உதிர்ந்துவிடும். நகத்தால் உரித்தால் முடியும் சேர்ந்து வரும். குளத்திலும் கடலிலும் முங்குவதை ஒரு மாதமாவது தள்ளிப் போடுங்கள்.

ஹெல்மெட் உள்ளே அழுத்தி உரசும் என்பதால் 2 கிழமைக்காவது மோட்டார் சைக்கிளே வேண்டாம், ஹெல்மெட் இல்லாமல் ஓடலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதி முகத்தில் அடிக்கும், வியர்வை வழியும். விதைப்பு முடிந்து அருவி வெட்டு தொடங்குமுன் வருகிற மார்கழிதான் முடி நட எனக்குப் பிடித்த காலம், வேலையும் குறைவு, வெயிலும் குறைவு. பாரம் தூக்குதல், கிரிக்கெட், வயலுக்கு மருந்தடிப்பு எல்லாம் 2 கிழமைக்குப் பிறகு, பின்மண்டைத் தோலைக் கீற்றாக வெட்டி எடுத்துத் தையல் போட்ட எஃப்.யூ.டி. முறை என்றால் ஒரு மாதம். அந்தத் தையலை 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள், அதற்காக மறுபடி கொழும்புக்குப் போகாமல் கிட்டவுள்ள ஆஸ்பத்திரியில் எடுக்க முடியுமா என்று கேட்டு, கடிதத்தையும் முதலே வாங்கி வையுங்கள்.

சிகரெட், பீடி, சாராயம், கள்ளு எதுவும் வேண்டாம். புகை இரத்தக் குழாயைச் சுருக்கும், நட்ட வேருக்கு இரத்தம்தான் உயிர். நோவுக்கு பனடோல் போதும், டொக்டரைக் கேட்காமல் அஸ்பிரின், புரூஃபன் எடுக்காதீர்கள். ஓரிடத்தில் இரத்தம் கசிந்தால் சுத்தமான கோஸ் துணியால் 10 நிமிடம் அமத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால், நோவு நாளுக்கு நாள் கூடினால், சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, தோல் கறுத்தல் எதைக் கண்டாலும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எது கிட்டவோ அந்த மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2ஆம் கிழமைக்கும் 8ஆம் கிழமைக்கும் இடையில் நட்ட முடி பெரும்பாலும் கொட்டிவிடும். காசெல்லாம் வீண் என்று பலர் உடைந்துபோவது இந்த இடத்தில்தான், ஊராரும் ஏதாவது சொல்வார்கள். கொட்டுவது முடித்தண்டு மட்டும், வேர் உள்ளே இருக்கிறது. 3, 4 மாதத்தில் மெல்லிய முடி முளைக்கும், அந்த நேரம் சின்னப் பருக்கள் வந்தால் பிதுக்காதீர்கள். 6 மாதத்தில் வித்தியாசம் தெரியும், முழுப் பலனுக்கு ஒரு வருடம், உச்சியில் 18 மாதம்கூட எடுக்கும். பின்மண்டை மரத்திருப்பதும் சில மாதத்தில் மாறும்.

அம்மா பாசத்தோடு கொண்டுவரும் நல்லெண்ணெய், செவ்வரத்தம் இலை, அரப்பு எல்லாவற்றையும் ஒரு மாதமாவது தள்ளி வையுங்கள். கத்தரிக்கோலால் வெட்ட ஒரு மாதம், மெஷினுக்கும் சவரக்கத்திக்கும் டொக்டர் விடும்வரை பொறுங்கள். மொட்டை நேர்த்தி இருந்தால் அடுத்த வருடம் வையுங்கள். நட்ட முடி நின்றாலும் பழைய முடி உதிர்வது தொடரும், அதற்குத்தான் மினொக்சிடிலும் ஃபினாஸ்டரைடு குளிசையும் தருகிறார்கள். எப்போது தொடங்குவது என்று டொக்டரிடம் கேளுங்கள், ஃபார்மசியில் நீங்களாக வாங்காதீர்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த ஃபினாஸ்டரைடு குளிசையைத் தொட விடாதீர்கள்.