தொழிற்சாலைத் தையல் இயந்திரத்தில் நூல் அறுவதைக் கண்டறிவது எப்படி

நிமிடத்திற்கு 4,800 தையல் என்ற வேகத்தில் ஓடும் லாக்ஸ்டிச் (மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையல்) இயந்திரம் நொடிக்கு 80 தையல்களைப் போடுகிறது. தையல் நீளம் 2.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நூல் அறுந்ததை இயக்குபவர் பார்த்துப் பெடலிலிருந்து காலை எடுக்க ஒரு நொடி ஆனாலே 20 செ.மீ. நீளத்திற்குத் துணியில் வெறும் ஊசித் துளைகள் மட்டுமே விழுந்திருக்கும். சாதாரணத் துணியில் அதைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோலிலும் பூச்சுத் துணியிலும் துளை மூடிக்கொள்ளாது என்பதால் அந்தத் துண்டு கழிவுதான். காரின் காற்றுப்பை போன்ற பாதுகாப்புப் பொருள்களில் ஒரு தையல் விட்டுப்போனாலும் ஏற்கமாட்டார்கள். அதனால்தான் இந்த வேலையைக் கண்ணிடம் விடாமல் உணரியிடம் (சென்சார்) ஒப்படைக்கிறோம்.

உணரியைப் பொருத்தும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நூல் அங்கே இருக்கிறதா என்பதைப் பார்த்துப் பயனில்லை. அசைய வேண்டிய நேரத்தில், அசைய வேண்டிய அளவுக்கு அது அசைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மேல்நூல் பெரும்பாலும் ஊசிக் கண்ணுக்கு அருகிலோ, ஊசிக்குக் கீழே சுழன்று மேல்நூலைக் கீழ்நூலோடு பூட்டும் கொக்கியான ஹூக் பகுதியிலோதான் அறுகிறது. அப்போதும் கோனிலிருந்து (நூல்கண்டு) டென்ஷன் தட்டுகள் (நூலை அழுத்திப் பிடித்து இறுக்கம் தரும் தட்டுகள்) வரையிலான நூல் விறைப்பாகவே நிற்கும். நூலின் மேல் படுத்திருந்து, நூல் தளர்ந்தால் விழுந்து சுவிட்சைத் தொடும் பழைய கம்பி அமைப்பு தையல் இயந்திரத்தில் பல நேரம் ஏமாற்றுவது இதனால்தான்: கோன் தீர்ந்துபோனதை அது சொல்லும், ஊசியில் அறுந்ததைச் சொல்லாது.

உணரியை எங்கே வைப்பது என்பதே அடுத்த கேள்வி. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் டேக்-அப் லீவர் (தட்டுகளுக்கும் ஊசிக்கும் நடுவில் நூலைத் தாங்கி மேலும் கீழும் அசையும் நெம்புகோல்) ஹூக்கைச் சுற்றிவரப் பல செ.மீ. நூலை விட்டுக்கொடுத்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. மெல்லிய துணியில் 2.5 மி.மீ. தையலுக்கு உண்மையில் செலவாவது சுமார் 3 முதல் 4 மி.மீ. மேல்நூல்தான். டென்ஷன் தட்டுகளுக்கு முன்னால் இருக்கும் உணரி இந்தச் சிறிய செலவை மட்டுமே காண்கிறது. தட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் உணரி பெரிய முன்பின் அசைவையும் காண்கிறது. பின்னால் சமிக்ஞை பெரிதாகக் கிடைக்கிறதே என்று மகிழ வேண்டாம். ஊசியருகே அறுந்த நூலின் முனை டேக்-அப் லீவரில் தொங்கிக்கொண்டு அதோடு ஆடும். அந்த ஆட்டத்தையே தையல் என்று நினைத்து உணரி இயந்திரத்தை ஓடவிடும். லீவருக்கு அருகே ஒளி உணரியையோ நிலைமின் உணரியையோ பொருத்தியவர்கள் இதைச் சில நாள்களிலேயே காண்பார்கள்.

என் கருத்தில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லாக்ஸ்டிச் இயந்திரத்தில் சேர்ப்பதற்கு மிகப் பொருத்தமான இடம் டென்ஷன் தட்டுகளோடு இருக்கும் சிறிய சுருள்வில்தான். லீவர் மேலே ஏறி முடிக்கும் தருணத்தில் நூல் இந்த வில்லை இழுக்கிறது; ஊசி இறங்கும்போது வில் திரும்பி வந்து நூலின் தளர்வை வாங்கிக்கொள்கிறது. நூல் அறுந்தால் வில்லை இழுக்க எதுவும் இருக்காது, அது தன் ஓய்வு நிலையிலேயே நின்றுவிடும். அந்த ஓய்வு நிலையில் வில் தொடுமாறு காப்பிடப்பட்ட மின்முனை ஒன்றையோ, வில்லின் அசைவு குறுக்கிடுமாறு அகச்சிவப்பு ஒளிக்கற்றை ஒன்றையோ வைக்கலாம். எம்ப்ராய்டரி இயந்திரங்களில் நூல் ஒரு சிறிய சக்கரத்தைச் சுற்றிச் செல்வதும், சக்கரம் சுழலும் அளவை உணரி எண்ணுவதும் வழக்கம். அதன் சிறப்பு, அசைவைப் போலவே செலவையும் அளக்கிறது என்பது.

இனி நேரம். சர்வோ மோட்டாரின் என்கோடரிலிருந்தோ (சுழற்சிக் கோணத்தை அளக்கும் கருவி) கைச்சக்கரத்தில் பொருத்திய நிலை உணரியிலிருந்தோ அச்சின் கோணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். நூல் கோத்து, துணி வைத்து, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி, வில் அசையத் தொடங்கும் கோணத்தையும் நிற்கும் கோணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிக்குள் மட்டும் உணரியைக் கவனிக்குமாறு கட்டுப்பாட்டுப் பெட்டியை அமைக்க வேண்டும். வேகம் கூடும்போது வில்லின் அசைவு சற்றுத் தாமதமாகத் தெரியும் என்பதால், இடைவெளியின் பின்விளிம்பைக் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. இடைவெளிக்குள் அசைவு வராத தையலை ஒரு தவறாக எண்ணி, தொடர்ந்து 3 தவறுகள் வந்தால் நிறுத்து என்று தொடங்கலாம்; 2.5 மி.மீ. தையலில் இது 7.5 மி.மீ. ஆகிறது, இதோடு மோட்டார் நிற்க எடுக்கும் சில தையல்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நூல் வெட்டும்போது டென்ஷன் தட்டுகள் திறந்துகொள்கின்றன. வெட்டிய பின் முதல் சில தையல்களில் தளர்ந்த நூலே செலவாகிறது. இந்தத் தருணங்களில் உணரியைக் காது கேளாததாக்கிவிட வேண்டும். ஆனால், குட்டையாக விட்ட நூல்முனை ஊசியிலிருந்து உருவிக்கொள்வதும் இதே தொடக்கத் தையல்களில்தான் என்பதால், பொய் எச்சரிக்கை வராத மிகக் குறைந்த எண்ணிக்கையையே தேர்ந்தெடுங்கள்.

பாபினில் (கீழ்நூல் சுற்றிய சிறு உருளை) உள்ள நூல் கடினமான பகுதி, ஏனெனில் அது ஹூக்குக்குள் மறைந்து கிடக்கிறது. பாபினில் சுற்றிய நீளத்தைத் தையல் செலவால் வகுத்து எண்ணிக்கையில் எச்சரிப்பது எளிய வழி. ஆயினும் அது தீர்வதைச் சொல்லுமே தவிர, நடுவில் அறுவதைச் சொல்லாது. கீழ்நூல் இல்லாதபோது மேல்நூல் பூட்டிக்கொள்ள முடியாமல் மேலே திரும்பி வருகிறது, அதன் செலவும் சட்டென்று குறைகிறது. எனவே அளவை அறியும் சக்கர உணரி கீழ்நூலையும் மறைமுகமாகக் கண்காணிக்கும். இருக்கிறது, இல்லை என்று இரண்டே விடை தரும் உணரி இதற்குப் போதாது. சங்கிலித் தையலான 401இலும் ஓவர்லாக் 504இலும் (இவை தையல் வகை எண்கள்) பாபினுக்குப் பதில் கீழே கண்ணி போடும் லூப்பர்களின் நூல்கள் வெளியிலிருந்தே வருவதால், ஒவ்வொரு நூலுக்கும் தனி உணரி வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

அமைத்த பின் வேண்டுமென்றே நூலை வெட்டிச் சோதியுங்கள்: ஒருமுறை கோனுக்கு அருகில், ஒருமுறை தட்டுகளுக்கும் லீவருக்கும் நடுவில், ஒருமுறை ஊசிக்கு மேலே. ஒவ்வொன்றையும் மெதுவான வேகத்திலும் முழு வேகத்திலும் ஓட்டி, எத்தனை தையலுக்குப் பின் நின்றது என்று எழுதி வையுங்கள். சில மீட்டர் நூல் மட்டும் உள்ள பாபினையும் ஓட்டித் தீர்த்துப் பாருங்கள். பிறகு ஒரு முழு ஷிப்ட் சாதாரண வேலையில் விட்டு, காரணமின்றி எத்தனை முறை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காரணமின்றி நிறுத்தும் உணரியை இயக்குபவர்கள் இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒளி உணரி திடீரென்று பொய் சொல்லத் தொடங்கினால், முதலில் கண்ணாடியில் படிந்த பஞ்சையும் எண்ணெய்ப் படலத்தையும் துடைத்துவிட்டு அப்புறம் அளவுகளைத் தொடுங்கள்.

இயந்திரம் நின்றவுடன் அறுந்த முனையை எறிந்துவிடாமல் பாருங்கள். பாலியஸ்டர் நூலின் நுனி உருகி மணிபோல் இருந்தால் ஊசி சூடேறியிருக்கிறது. வேகத்தைக் குறைக்கவோ ஊசிக்குக் காற்றுக் குளிர்விப்பு தரவோ வேண்டும். இழைகள் பிரிந்து நைந்திருந்தால் ஊசிக் கண்ணிலோ ஹூக் முனையிலோ பிசிறு இருக்கிறது. கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் நூல் வழியில் ஏதோ ஒரு கூர்விளிம்பு இருக்கிறது. மெலிந்து இழுபட்டு அறுந்திருந்தால் டென்ஷனைத் தளர்த்துங்கள். தளர்த்தியதும் வில்லின் அசைவும் மாறிவிடும் என்பதால், கோண இடைவெளியை மீண்டும் கையால் சுழற்றிச் சரிபார்த்து, ஊசிக்கு மேலே ஒருமுறை நூலை வெட்டிப் பார்த்த பிறகே வேலையைத் தொடருங்கள்.