வெடிப்பின் வாலைப் பின்னணி விழுங்கிய கதை

சென்ற மாதம் ஒரு மாணவி தன் முதல் காமா கதிர் வெடிப்பின் (தொலைதூர விண்மீன் நிகழ்வொன்றிலிருந்து வரும் குறுகிய காமா கதிர்ச் சீற்றம்) ஒளிவளைவை, அதாவது நேரத்தோடு மாறும் ஃபோட்டான் எண்ணிக்கையின் வரைபடத்தை அனுப்பி, "சரியா வந்திருக்கா, பாருங்க சார்" என்று கேட்டிருந்தார். படம் அழகாகவே இருந்தது. நடுவில் இரண்டு கூர்முனைகள், இரு பக்கமும் தட்டையான பின்னணி, கால அளவு 22 விநாடி. பின்னணிக்காக அவர் எடுத்திருந்த நேரத் துண்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன் நான் கோடு போட்ட அதே இடம்.

தரவுக் கோப்பை மாற்றி எடுப்பது, வெடிப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த டிடெக்டரைச் சேர்ப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை பத்து நிமிடத்தில் தானாகவே அம்பலமாகிவிடும். பார்க்க ஒழுங்காகத் தெரிந்துகொண்டே ஆளைக் கவிழ்ப்பவை சில உண்டு, அவற்றைச் சொல்கிறேன். பெரும்பாலும் ஃபெர்மி விண்கலத்தின் ஜிபிஎம் கருவியை வைத்தே பேசுகிறேன். புதியவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான்.

வாலைப் பின்னணி என்று நினைப்பது

ஜிபிஎம் படம் எடுக்கும் கருவி அல்ல. 12 சோடியம் அயோடைடு டிடெக்டர்கள், 2 பிஸ்மத் ஜெர்மனேட் டிடெக்டர்கள். ஒவ்வொன்றும் வானத்தின் ஒரு பெரிய பகுதியை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. வானில் பரவிக் கிடக்கும் எக்ஸ் கதிர், பூமியின் வளிமண்டலத்திலிருந்து மேலே வருவது, தென் அட்லாண்டிக் பகுதியின் துகள் கூட்டத்தைக் கடந்துவந்த பிறகு கருவியே கொஞ்ச நேரம் கதிர்வீசுவது, பூமியின் விளிம்பைத் தாண்டி எழும் பிரகாசமான மூலங்கள் என எல்லாம் சேர்ந்த ஒரு குவியலின் மேல்தான் நம் வெடிப்பு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குவியலை நேரடியாக அளக்க வழியில்லை. வெடிப்புக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு எடுத்து, ஒரு பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தி, நடுவில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம்.

அந்தப் பின்துண்டு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் நான் விழுந்தேன். எல்லா ஆற்றல்களையும் கூட்டிய ஒளிவளைவைத் திரையில் வைத்துப் பார்த்தேன். 40 விநாடிக்கு மேல் தட்டையாகத் தெரிந்தது. சரி, அங்கிருந்தே பின்னணி என்று முடிவு கட்டினேன். 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே மட்டும் தனியாக வரைந்திருந்தால், 90 விநாடி வரை மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு வால் கண்ணில் பட்டிருக்கும். வரையவில்லை. போதாக்குறைக்கு, பொருத்தம் கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்று கோவையின் படியை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற்றினேன். அது வாலை இன்னும் விசுவாசமாகத் தழுவிக்கொண்டது.

விளைவு என்ன? பின்னணியை ஒவ்வொரு ஆற்றல் சேனலுக்கும் தனித்தனியாகத்தான் பொருத்துகிறோம். கீழ்ச் சேனல்களில் மட்டும் பின்னணி தூக்கலாக வந்தது. வெடிப்பிலிருந்து அதைக் கழித்தபோது குறைந்த ஆற்றல் ஃபோட்டான்கள் காணாமல் போயின. நிறமாலையில், வழக்கமாகப் பயன்படும் பேண்ட் சார்பு என்ற வளைவைப் பொருத்தினால் கீழ்ப்பக்கச் சரிவான ஆல்ஃபா மைனஸ் 2/3-ஐத் தாண்டி நின்றது. காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் விடும் சாதாரண சின்க்ரோட்ரான் கதிர்வீச்சால் அதற்கு மேல் போக முடியாது. துறையில் அதை 'மரணக் கோடு' என்பார்கள். நான் துள்ளிக் குதித்தேன். இது வெப்பக் கதிர்வீச்சு, வெடிப்பிலிருந்து பாயும் தாரையின் ஒளிமண்டலத்தையே பார்க்கிறோம் என்று மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினேன். வரைபடங்கள், வாதங்கள், கடைசியில் வீராவேசமான ஒரு முடிவுரை.

மூத்தவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "பின்துண்டைப் 150 விநாடிக்குத் தள்ளினா ஆல்ஃபா எவ்வளவு?" தள்ளினேன். மைனஸ் 0.9. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. கால அளவும் மாறிப்போனது. 25 விநாடி என்று எழுதியிருந்தது 60-ஐத் தாண்டியது.

இன்றைக்கும் இதை நினைத்தால் எரிச்சல்தான். தவறு பெரியது என்பதைவிட, மென்பொருள் ஒரு எச்சரிக்கைகூட விடவில்லையே என்பதுதான் அதிகம் உறுத்துகிறது. பொருத்தத்தின் புள்ளியியல் எண் நன்றாகவே இருந்தது. கழித்த பிறகு மிஞ்சிய எண்ணிக்கைகளைத்தான் அந்த எண் பார்க்கிறது, கழித்தது நியாயமா என்று அது கேட்காது.

இப்போது நான் செய்வது இதுதான். குறைந்தது மூன்று ஆற்றல் பட்டைகளில் ஒளிவளைவை வரைகிறேன். மிகக் கீழ்ப் பட்டையில் வால் எங்கே சாகிறதோ, அதற்கும் வெகுதூரம் தள்ளிப் பின்துண்டைத் தொடங்குகிறேன். எவ்வளவு குறைந்த படியில் ஒப்பேற்ற முடியுமோ அவ்வளவு குறைந்த படி. அப்புறம் துண்டுகளை வேண்டுமென்றே முன்னும் பின்னும் நகர்த்தி ஆல்ஃபாவும் நிறமாலை உச்சம் தொடும் ஆற்றலும் எவ்வளவு ஆடுகின்றன என்று குறித்துக்கொள்கிறேன். அந்த ஆட்டம் பிழைக்கோட்டைவிடப் பெரிதாக இருந்தால் பிழைக்கோட்டை நம்புவதில்லை. வெடிப்பு பல நூறு விநாடி நீண்டால் கோவையே உதவாது. விண்கலம் சுமார் 95 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. 30 சுற்றுகளுக்கு முன்னும் பின்னும், அதாவது ஏறக்குறைய இரண்டு நாள் தள்ளி, அது கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களின் எண்ணிக்கையையே பின்னணியாக எடுக்கலாம். நடுவில் விண்கலம் வேறு பக்கம் திரும்பியிருந்தால் இதுவும் கைகொடுக்காது, அதையும் பார்த்துவிடுங்கள்.

மாணவிக்கும் அதே கேள்வியைத்தான் அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது: 22 விநாடி 47 ஆகிவிட்டதாம்.

இரண்டு விநாடிக் கோடு

டி90, அதாவது வெடிப்பின் ஃபோட்டான்களில் 90 சதவீதம் வந்துசேரும் நேரம், இரண்டு விநாடிக்குக் கீழே என்றால் நியூட்ரான் விண்மீன்களின் மோதல், மேலே என்றால் பெருவிண்மீனின் சரிவு. பாடத்தில் அப்படித்தான் படித்தோம். 2020 ஆகஸ்ட் 26 அன்று வந்த வெடிப்பு ஒரு விநாடி அளவுதான், ஆனால் அது விண்மீன் சரிவு. 2021 டிசம்பர் 11 அன்று வந்தது 50 விநாடிக்கு மேல் நீடித்தது, அதைத் தொடர்ந்து தெரிந்ததோ மோதலுக்கே உரிய கிலோநோவா என்ற ஒளிர்வு. இது போக, டி90 எந்த ஆற்றல் பட்டையில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும். ஜிபிஎம் வழக்கமாக 50 முதல் 300 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை, ஸ்விஃப்ட் விண்கலத்தின் பேட் கருவி 15 முதல் 350 வரை. இரண்டு பட்டியல்களின் எண்களையும் ஒரே வரைபடத்தில் கொட்டிவிட்டு, கொத்துக் கொத்தாய்ப் பிரிகிறதே என்று வியக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பிரகாசமாக இருந்தால் வேலை சுலபம் என்று எண்ணுவது

2022 அக்டோபர் 9 அன்று வந்த வெடிப்பு இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமானது. அதன் உச்சத்தில் ஜிபிஎம் டிடெக்டர்கள் திணறிப்போயின. துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து ஒரு பெரிய ஃபோட்டானாகப் பதிவாகும் நிலை. அந்த நேரப் பகுதிகளை 'பயன்படுத்தாதீர்கள்' என்று கருவிக் குழுவே அறிவித்திருந்தது. அறிவிப்பைப் படிக்காமல் உச்சத்தின் நிறமாலையை எடுத்து வந்த இருவரை எனக்குத் தெரியும்.

அதே வெடிப்பில் இன்னொரு வேடிக்கை. ஃபெர்மி பார்த்துச் சுமார் 55 நிமிடம் கழித்துத்தான் ஸ்விஃப்டின் டிரிக்கர் (கருவி தானாக எழுப்பும் எச்சரிக்கை) வந்தது, அதுவும் வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் பின்னொளிக்கு. திசை பால்வீதித் தளத்துக்கு அருகில் இருந்ததால், நம் வீட்டுக்குள்ளேயே ஏதோ புதிய மூலம் என்றுதான் முதல் அறிவிப்பு போனது. டிரிக்கர் வந்துவிட்டது என்பதாலேயே அது என்னவென்று தெரிந்துவிட்டதாக அர்த்தமில்லை. சூரியச் சீற்றமும் காந்த விண்மீனும் டிரிக்கர் கொடுக்கும்.

முதல் இடக்குறிப்புக்கான ரெஸ்பான்ஸ் கோப்பு

ஜிபிஎம்மின் முதல் இடம் பல பாகை தள்ளியிருக்கலாம். ஸ்விஃப்ட் துல்லியமான இடம் தந்ததும் ரெஸ்பான்ஸை, அதாவது அந்தத் திசையிலிருந்து வரும் ஃபோட்டான் டிடெக்டரில் எப்படிப் பதிவாகும் என்ற அட்டவணையை, அந்த இடத்துக்கு மறுபடி உருவாக்குங்கள்.

33 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு 'கோடு'

அது டிடெக்டரில் உள்ள அயோடின். கண்டுபிடிப்பு இல்லை.

கை-வர்க்கம்

பொருத்தம் எப்படி என்று அளக்கும் இந்தப் புள்ளியியல் எண், சேனலுக்கு நாலைந்து எண்ணிக்கை இருக்கும்போது வேண்டாம். குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற பிஜி-ஸ்டாட் எண்ணை எடுங்கள்.

கடிகாரம்

ஃபெர்மியும் ஸ்விஃப்டும் 2001 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன, இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலம் 2010 ஜனவரி 1-இலிருந்து. ஒன்றின் நேரத்திலிருந்து இன்னொன்றின் நேரத்தைக் கழிக்கும் முன் பாருங்கள்.