முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்

கட்டுரையில் முன்னுரை முதலில் வந்தாலும், அதை எழுத வேண்டியது கடைசியில்தான். உள்ளே என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமல் எழுதினால், "நீர் மனித வாழ்வில் இன்றியமையாதது" என்ற வரிதான் வரும். அதில் நீரை எடுத்துவிட்டு மரத்தையோ நூலகத்தையோ போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். எல்லாத் தலைப்புக்கும் பொருந்தும் வரியைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

தாளின் மேலே எட்டு வரி இடம் விட்டு, முதல் உட்தலைப்பிலிருந்து தொடங்குங்கள். தேர்விலும் இப்படிச் செய்யலாம். முன்னுரைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்தால் போதும். ஒன்றரைப் பக்கக் கட்டுரைக்கு நான்கு வாக்கியமே தாராளம்.

முதல் வாக்கியத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளோ, நீங்களே கணக்குப் போட்ட ஓர் எண்ணோ இருக்கட்டும். தலைப்பு 'நீர் சேமிப்பு' என்றால்:

"நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயில் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு நீர் வீணாகிறது."

கேள்வியைவிட இதுவே மேல். "நீரின்றி வாழ முடியுமா?" என்று கேட்டால், படிப்பவர் 'முடியாது' என்று மனத்துக்குள் சொல்லிவிடுவார், மேலே படிக்கக் காரணம் இருக்காது. மேற்கோள் சொல் பிசகாமல் நினைவில் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

பெரும்பாலானோர் இடறுவது இரண்டாம் வாக்கியத்தில். குழாயில் தொடங்கிவிட்டு, உடனே "எனவே உலக மக்கள் அனைவரும் நீரைச் சேமிக்க வேண்டும்" என்று தாவிவிடுவார்கள். ஒரு சொட்டிலிருந்து உலகம் வரை எப்படிப் போனோம் என்பது படிப்பவருக்குப் புரியாது. இங்கே 'அதனால் என்ன?' என்று உங்களையே கேட்டு, வரும் பதிலை எழுதுங்கள்:

"சுமார் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், அது நான்கு லிட்டருக்கும் அதிகம்."

அதனால் என்ன? இன்னொரு முறை கேளுங்கள்.

"ஒருவர் ஒரு நாள் முழுவதும் குடிக்க அந்த நீர் போதும்."

இப்போதுதான் குழாய்க்கும் மனிதருக்கும் தொடர்பு வந்திருக்கிறது. மூன்றாம் முறை கேட்காதீர்கள். உட்தலைப்புக்குரிய செய்தி முன்னுரையிலேயே தீர்ந்துபோகும். 'எனவே', 'ஆகையால்' என்று எழுதக் கை போகும்போதெல்லாம், முந்தைய வரி உண்மையிலேயே அந்த முடிவைத் தருகிறதா என்று பாருங்கள்.

கடைசி வாக்கியம், "இதைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்" என்று மொட்டையாக நிற்கக் கூடாது. எதைக் காணப்போகிறோம் என்பதை உட்தலைப்புகளின் வரிசையிலேயே சொல்லுங்கள்:

"வீட்டில் நீர் வீணாகும் இடங்களையும், மழைநீரைச் சேமிக்கும் வழிகளையும், பயன்படுத்திய நீரின் மறுபயன்பாட்டையும் காண்போம்."

பின்னர் உட்தலைப்பை மாற்றினால் இந்த வரியையும் மாற்ற மறக்காதீர்கள்.

வீட்டில் பழகும்போது பென்சிலும் அழிப்பானும் வேண்டாம், பேனாவே நல்லது. அடித்த வரி கண்ணெதிரே கிடக்கும். பல நேரம் அதில் ஒரு பாதி திரும்பவும் உதவும். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.