கேடயத்தில் குன்றுகளைக் கண்டால்: படிப்பதில் நேரும் பிழைகள்

ஐரோப்பியக் கேடயச் சின்னமொன்றின் அடியில் மூன்று உருண்டைக் குன்றுகளைக் கண்டவுடன், அவை எந்த மூன்று மலைகள் என்று தேடத் தொடங்குவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. ஹங்கேரியின் சின்னத்திலுள்ள பச்சைக் குன்றுகளை டாட்ரா, ஃபாட்ரா, மாட்ரா மலைகள் என்று விளக்கும் வழக்கம் உண்டு. ஆனால் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் பேலா மன்னரின் நாணயங்களில், இன்று அக்குன்றுகளின்மேல் நிற்கும் இரட்டைச் சிலுவை குன்றுகளின்றியே பொறிக்கப்பட்டது; குன்றுகள் பிற்காலத்தில்தான் அதன் காலடியில் வந்து சேர்ந்தன, மலைகளின் பெயர்களோ அதற்கும் பிறகு ஏற்றப்பட்டவை. ஹங்கேரியர் இவ்வுருவுக்கு வழங்கும் 'ஹார்மஷ்ஹலொம்' என்னும் சொல்லும் மலையைக் குறிப்பதன்று, மேட்டையே குறிக்கிறது. சிலுவையோ மரமோ விலங்கோ அந்தரத்தில் தொங்காமல் ஊன்றி நிற்பதற்குரிய தரை என்றே இதை முதலில் கொள்ள வேண்டும்.

நிறத்தை இயற்கையோடு பொருத்துவதும் பிழையே. ஸ்லோவாக்கியாவின் சின்னத்தில் இதே குன்றுகள் நீலமாக இருப்பது தொலைதூர மலை நீலமாகத் தோன்றுவதால் அன்று. 1848ஆம் ஆண்டின் தேசிய எழுச்சியின்போது வெள்ளை, நீலம், சிவப்பு ஆகிய ஸ்லாவிய நிறங்களுக்கு இசைவாகப் பச்சை மாற்றப்பட்டது. அங்கும் அதே மூன்று மலைப் பெயர்களே சொல்லப்படுகின்றன. மாட்ரா இன்று ஹங்கேரிக்குள் இருப்பதைப் பற்றி எவரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

இதைக் கற்றவர்கள், எந்தக் குன்றும் உண்மையான மலையன்று என்று எண்ணி எதிர்த்திசையில் சறுக்குவதும் உண்டு. சான் மரீனோவின் மூன்று சிகரங்கள் கோபுரங்களைத் தாங்கிய டிட்டானோ மலையையே காட்டுகின்றன. 1991இல் ஏற்கப்பட்ட ஸ்லோவேனியச் சின்னத்தின் வெண்சிகரமும் 2,864 மீட்டர் உயரமுள்ள டிரிக்லாவ்தான். 'மூன்று தலை' என்பதே அப்பெயரின் பொருளாதலால், மரபான முக்குன்று என்று மயங்குவது எளிது.

இத்தாலியில் குன்றுகள் உருளைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். ரோமின் புனித பேதுரு சதுக்கத் தூண்வரிசைமேல் உள்ள போப்பாண்டவர் ஏழாம் அலெக்சாண்டரின் கீஜி குடும்பச் சின்னத்தில் இப்படி ஆறு குன்றுகளும் மேலே ஒரு நட்சத்திரமும் உள்ளன; முதன்முறை பார்ப்பவர் அவற்றை முட்டைக் குவியல் என்று நினைத்தால் வியப்பில்லை. மற்றொரு போப்பாண்டவரான மூன்றாம் ஜூலியஸின் சின்னத்தில் குன்றுகள் வந்ததற்கோ காரணம் வெறும் சொல்விளையாட்டு: அவருடைய குடும்பப் பெயர் 'தெல் மோன்தே', அதாவது 'மலையைச் சேர்ந்த'.

வரைபவர்கள் புகைப்படத்தைப் பார்த்துப் பாறைப் பிளவும் நிழலும் சேர்ப்பதைத் தவிர்க்க வேண்டும். சின்னத்தின் எழுத்து வருணனை கேட்பது எண்ணிக்கை, நிறம், இடம் ஆகியவற்றையே.