மந்திர ஈட்டிக்கு முதலில் ஒரு தொல்லையைக் கொடுங்கள்

கெல்டிக் பாணியில் ஒரு மாயக்கதை எழுத முதன்முதலில் உட்கார்ந்தபோது எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பச்சைக் குன்று, மூடுபனி, நீலமாக ஒளிரும் வாள், கூர்க்காதோடு ஒரு தேவதைப் பெண். இருபது பக்கம் தாண்டியதும் கதை படுத்துவிட்டது. வாள் எதையும் வெட்டும், அவளால் எதுவும் முடியும், அப்புறம் கதாநாயகனுக்கு அங்கே என்ன வேலை? பிறகு அயர்லாந்து, வேல்ஸ் பழங்கதைகளைப் பொறுமையாகப் படித்தபோதுதான் எங்கே கோட்டை விட்டேன் என்று புரிந்தது. அந்தக் கதைகளில் சக்தி ஒருபோதும் தனியாக வருவதில்லை, கூடவே ஒரு நிபந்தனையையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் இப்போதெல்லாம் நான் நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு, சக்தியைப் பிறகு யோசிக்கிறேன். அந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. கெல்டிக் என்று எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டாதீர்கள். அயர்லாந்துக் கதைகள் வேறு, வேல்ஸ் கதைகள் வேறு, ஸ்காட்லாந்து மேட்டுநிலத்து நாட்டார் நம்பிக்கைகள் வேறு. ஒன்றை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து கடன் வாங்குங்கள். நான் அயர்லாந்தை எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே 'கெஷ்' என்று ஒன்று உண்டு. விரதம் எனலாம், ஆனால் நாமாக எடுத்துக்கொண்டதல்ல. சாபம் எனலாம், ஆனால் மீறாதவரை ஒன்றும் ஆகாது. ஒரு ஆளின் தலையில் எழுதியிருக்கும் 'இதை மட்டும் செய்யாதே'. மாவீரன் கூகுலினுக்கு இப்படி இரண்டு உண்டு. அவன் பெயருக்கே குலன் என்பவரின் நாய் என்றுதான் பொருள், அதனால் நாய்க்கறி தின்னக் கூடாது. இன்னொன்று, அடுப்பில் சமைத்துக்கொண்டிருப்பவர் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காமல் உட்கார வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரணம், இரண்டாவது வெறும் நாகரிகம்தான். கடைசிப் போருக்கு அவன் போகிற வழியில் மூன்று கிழவிகள் நெருப்பு மூட்டி நாயைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவன் பார்க்காத மாதிரி கடந்து போகப் பார்க்கிறான். 'பெரிய விருந்தாக இருந்தால் நின்றிருப்பாய், ஏழைகளின் சாப்பாடு என்பதால் போகிறாய்' என்று ஒருத்தி குத்திக்காட்டுகிறாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான். இடக்கையால் வாங்கித் தின்கிறான், அந்தக் கையின் பலம் போய்விடுகிறது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்முறை எளிது: முக்கிய பாத்திரத்துக்கு இரண்டு தடைகள் எழுதுங்கள், இரண்டும் பார்க்கச் சின்னதாக இருக்கட்டும், பிறகு இரண்டும் ஒரே இடத்தில் மோதும் ஒரு காட்சியைத் தேடுங்கள். 'உலகத்தை அழிக்கும் மந்திரத்தைச் சொல்லக் கூடாது' மாதிரி பிரம்மாண்டமாக எழுதினால் வேலைக்கு ஆகாது. அதை யாரும் தற்செயலாக மீற முடியாதே.

சரி, மாய ஜீவன்களுக்கு வருவோம். உருவத்திலிருந்து தொடங்காதீர்கள், இடத்திலிருந்து தொடங்குங்கள். அயர்லாந்தில் மாய ஜீவன்களை ஷீ என்பார்கள். அந்தச் சொல்லே முதலில் மண்மேட்டைத்தான் குறித்தது, பிறகுதான் அதற்குள் வாழ்பவர்களையும் குறிக்க ஆரம்பித்தது. பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள நியூகிரேஞ்ச் கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்ட கல்லறை மேடு. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல்களில் விடியும்போது மட்டும் வெளிச்சம் அதன் உள்ளறை வரை போகும். கெல்டிக் மொழி பேசியவர்கள் அங்கே வருவதற்கு வெகு காலம் முன்பே அது இருந்தது. யார் கட்டினார்கள் என்று தெரியாத அந்த மேட்டைப் பார்த்தவர்கள், அது டானன் குலத்துத் தெய்வங்களின் வீடு என்று கதை சொன்னார்கள். உங்கள் உலகத்திலும் இதையே செய்யுங்கள். இப்போது இருக்கும் மக்களுக்கு முன்னால் யாரோ கட்டி வைத்த ஏதோ ஒன்று, அதைச் சுற்றி ஊர்க்காரர்கள் என்ன செய்ய மாட்டார்கள் என்ற பழக்கம், கடைசியாகத்தான் உள்ளே இருப்பது யார்.

இந்தப் பழக்கம் ஏதோ பழங்காலத்து விஷயம் என்று நினைக்காதீர்கள். 1999-ல் அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் லாட்டூன் என்ற இடத்தில் புதிய நெடுஞ்சாலைக்குக் குறுக்கே ஒரு ஹாதார்ன் முள்மரம் நின்றது. ஷீக்கள் கூடும் மரம், வெட்டினால் விபரீதம் என்று கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுத்தார். கடைசியில் மரத்தை அப்படியே விட்டுவிட்டுத்தான் சாலையைப் போட்டார்கள். நேருக்கு நேர் பெயர் சொல்லவும் அங்கே தயங்குவார்கள், 'நல்லவர்கள்' என்றுதான் சொல்வது வழக்கம். வேல்ஸிலும் 'அழகான குடும்பம்' என்ற மாதிரிதான் பெயர். பயந்தால்தான் இப்படி மரியாதை வரும். உங்கள் பாத்திரங்கள் பேசும்போது இந்த ஜீவன்களின் பெயரைத் தவிர்க்கட்டும், சுற்றி வளைத்துச் சொல்லட்டும். பத்து வரி வர்ணனை செய்யாத வேலையை அது செய்யும்.

எல்லா ஜீவனையும் அரக்கனாக்கி விடவும் வேண்டாம். பான்ஷீ என்ற ஆவிப்பெண் யாரையும் கொல்வதில்லை, குறிப்பிட்ட சில குடும்பங்களில் சாவு வரும்போது முன்கூட்டியே அழுகிறாள், அவ்வளவே. ஸ்காட்லாந்து ஏரிகளின் நீர்க்குதிரை வேறு ரகம். கரையில் சாதுவாக நிற்கும், குழந்தைகள் ஒவ்வொருவராக ஏறுவார்கள், கை பிடரியோடு ஒட்டிக்கொள்ளும். விரலால் மட்டும் தொட்ட பையன் விரலை வெட்டிக்கொண்டு தப்பிக்கிறான். மற்றவர்களின் ஈரல் மட்டும் பிறகு கரையில் ஒதுங்குகிறது. பயமுறுத்துவது குதிரை அல்ல, அந்த ஒட்டும் தோல்தான். ஒரு ஜீவனுக்கு இப்படிக் கையால் உணரக்கூடிய ஒரே ஒரு விவரம் போதும்.

லெப்ரகான் என்ற அயர்லாந்துக் குட்டி மனிதன் என்றதும் பச்சைத் தொப்பியும் தங்கப் பானையும்தான் ஞாபகம் வரும். அதை மறந்துவிட்டு, மிகப் பழைய கதையில் அவர்கள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். கடலோரம் தூங்கும் அரசன் ஃபெர்கஸ் மக் லேட்டியைச் சில குட்டி நீர்வாசிகள் மெல்லத் தண்ணீருக்குள் தூக்கிப் போகிறார்கள். குளிர்ந்த நீர் காலில் பட்டதும் விழித்துக்கொள்கிறான், மூன்று பேரைப் பிடித்துவிடுகிறான். விடுதலைக்கு விலையாக, நீருக்கடியில் உலவும் வித்தை வேண்டும் என்கிறான். கொடுக்கிறார்கள், ஒரே நிபந்தனையோடு: உன் சொந்த நாட்டில் உள்ள ருத்ரிகெ ஏரியில் மட்டும் இறங்காதே. இறங்குகிறான், வேறென்ன செய்வான். அங்கே இருந்த மிருகத்தைப் பார்த்த அதிர்ச்சியில் வாய் கோணிவிடுகிறது. உடலில் ஊனமுள்ளவன் அரசனாக இருக்கக் கூடாது என்பது அந்த உலகத்துச் சட்டம். அதனால் அரண்மனையில் இருப்பவர்கள் அவனிடமே மறைக்கிறார்கள். தலையைக் கழுவும்போது மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள், நீரில் முகம் தெரியாதபடி. 7 வருடம் இப்படி ஓடுகிறது, கோபத்தில் அவனிடம் சாட்டையடி வாங்கிய அடிமைப்பெண் ஒருத்தி உண்மையைப் போட்டு உடைக்கும் வரை. அவளைக் கொன்றுவிட்டு அதே ஏரிக்குத் திரும்பிப் போய், மிருகத்தையும் கொன்று, தானும் சாகிறான்.

இந்தக் கதையை நான் எத்தனை முறை பிரித்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நிபந்தனை மீறப்பட்டதும் இடி விழவில்லை, ஒரு அரண்மனை முழுக்கப் பொய் சொல்லத் தொடங்குகிறது. தண்டனையைவிட, அதை மறைக்க மற்றவர்கள் படும் பாட்டில்தான் கதை இருக்கிறது.

ஆயுதங்களுக்கும் இதே கணக்குதான். பழைய கதைகளில் வரும் ஆயுதங்கள் ஒவ்வொன்றும் வைத்திருப்பவனுக்கே தொல்லை. கெல்ட்சர் என்ற வீரனின் ஈட்டியைக் கருந்திரவம் நிரம்பிய அண்டாவில் அமுக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். கூகுலினின் கே புல்க் என்ற ஈட்டியைக் காலால் செலுத்த வேண்டும், உடலுக்குள் போனதும் முட்கள் விரியும், சதையை அறுத்தால்தான் வெளியே வரும். அதைக் கொண்டு அவன் கொன்றவர்களில் கூடப் பயின்ற நண்பன் ஃபெர்டியாவும் உண்டு, சொந்த மகனும் உண்டு. டானன் குலத்து வீரன் ஓக்மா போர்க்களத்தில் கண்டெடுத்த ஓர்னா என்ற வாளோ, உறையிலிருந்து எடுத்துத் துடைத்ததும் இதுவரை தான் செய்ததையெல்லாம் சொல்லத் தொடங்கிவிடும். யோசித்துப் பாருங்கள், நீங்கள் பின்னாலிருந்து ஒருவனைக் குத்தியிருந்தால் அதையும் சபையில் சொல்லுமே! வேல்ஸ் பக்கம் ரிதெர்க் என்ற அரசனின் வாள் நற்குடியில் பிறந்தவன் கையில் நெருப்பாக எரியும். அவன் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கத் தயார், ஆனால் விஷயம் தெரிந்ததும் யாரும் வாங்க மாட்டார்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த மாய வாள் அதுதான்.

யார் செய்தது என்பதையும் காட்டுங்கள். டானன் குலத்தின் கொல்லன் கோவ்னியு மூன்றே அடியில் ஈட்டிமுனை அடிப்பான், தச்சன் மூன்று சீவலில் காம்பு செய்வான், இன்னொருவன் ஆணி செய்வான். மந்திரம் என்று தனியாக எதுவும் இல்லை, கைவேலையின் உச்சமே மந்திரம். உங்கள் கதையில் உலைக்களத்துக் காட்சி ஒன்று இருந்தால் 'பழங்கால மந்திரம் ஊட்டப்பட்ட' என்ற தேய்ந்துபோன வரி தேவைப்படாது.

இப்போது ஒன்றைச் செய்து பார்ப்போம். ஒரு ஈட்டி, எறிந்தால் குறி தப்பாது. நிபந்தனை: எறிந்தவனே போய் அதைப் பிடுங்கி வர வேண்டும், வேறு கை பட்டால் அது அந்தக் கைக்குச் சொந்தம். கொடுத்தது சதுப்பு நிலத்தில் இருக்கும் ஒரு கிழவி. அங்கே அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டும் ஊர்க்காரர்கள் முதல் கட்டியை எடுக்காமல் விட்டுவருவார்கள், ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். வீரன் ஒவ்வொரு முறையும் செத்தவன் அருகே போக வேண்டியிருக்கிறது, முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் அவன் கால் முறிகிறது. ஈட்டி எதிரே நாற்பதடி தூரத்தில் ஒரு உடலில் நிற்கிறது. பக்கத்தில் இருப்பது அவன் தம்பி, நல்லவன், உதவத் துடிக்கிறவன். பாருங்கள், நிபந்தனை ஒரே வரிதான், அண்ணன் தம்பி கதை தானாக வந்துவிட்டது. ஈட்டி ஒளிர்கிறதா என்று நான் இன்னும் யோசிக்கவே இல்லை.

பெயர்களைப் பற்றியும் கொஞ்சம். ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே தமிழில் எழுதிவிடாதீர்கள், சிதே, சம்ஹைன் என்றெல்லாம் வந்து நிற்கும். அது ஷீ, இது சௌவின் என்ற பழைய திருவிழா. உச்சரிப்பைக் கேட்டுவிட்டு எழுதினால் தமிழில் அழகாகவே உட்காரும். வாய்க்கு வராத பெயரை விட்டுவிட்டு, பட்டப்பெயரைத் தமிழில் சொல்லிவிடுவது இன்னும் நல்லது: வெள்ளிக்கை நூஅதா, தீக்கண் பாலோர்.

கதை முடியும்போது ஆயுதத்தை என்ன செய்வது என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வாரிசு கையில் கொடுப்பது ஒரு வழி. இரும்புக்கால மக்கள் நிஜமாகவே செய்த வழி வேறு: வாளை வேண்டுமென்றே வளைத்து, யாருக்கும் பயன்படாதபடி ஆக்கி, ஏரியில் போட்டுவிடுவார்கள். 1942-ல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் விமானத்தளம் அமைக்கக் கரிமண் தோண்டியபோது, லின் கெரிக் பாக் என்ற சின்ன ஏரியின் ஓரத்திலிருந்து வாள்களும் ஈட்டிகளும் தேர்ச் சக்கரங்களின் இரும்புப் பட்டைகளும் வந்தன. கூடவே அடிமைகளைக் கழுத்தில் பூட்டி இழுக்கும் சங்கிலி ஒன்றும் வந்தது. அது எவ்வளவு பழசு என்று தெரியாமல், சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்க அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுமார் 2000 வருடம் ஏரியில் கிடந்த சங்கிலி, அறுந்து போகாமல் வண்டியை இழுத்துக் கொடுத்துவிட்டது.